"என்ன தாயி, இப்படி வெளுத்துட்ட!" – முகத்துக்கு ட்யூப் போட்ட வருஷங்கள்

மெடிக்கல் ஷாப்பில் நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு வாங்கிய ஒரு ட்யூப் என் பதினாறு வயதிலிருந்து இருபது வயது வரைக்குமான காலத்தை விழுங்கிவிட்டது. அது அழகு கிரீம் இல்லை, ஸ்டீராய்டு கலந்த மருந்து என்று எனக்குத் தெரிய வந்தபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடியும் நேரம். அப்போது ராத்திரி ராத்திரியாக போனில் தேடுவேன். தமிழில் கிடைத்ததெல்லாம் கடலை மாவு, தக்காளிச் சாறு, ஏழே நாளில் முகம் ஜொலிக்க என்ற ரகம்தான். என்னைப் போல ஒருத்தி எழுதி வைத்திருந்தால் ஒரு வருஷமாவது மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அருப்புக்கோட்டை பக்கம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். வீட்டில் நானும் அப்பாவும் ஒரே நிறம், நல்ல கறுப்பு. அம்மாவும் தம்பியும் மாநிறம். யாரும் என்னை வெறுத்து எதுவும் சொன்னதில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் ஒரு கொடுமைக்கார அத்தை வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தரும் இல்லை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள், பாசமாகத்தான். "வெயில்ல நிக்காத, கறுத்துருவ" என்பார்கள். தம்பி அதே வெயிலில் மத்தியானம் முழுக்க கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான், அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். தினமும் காதில் விழுகிற பேச்சு என்பதால் அது தனியாக வலித்ததில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுக்குள் ஒன்று மட்டும் மனதில் பதிந்துவிட்டது: என்னைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் முதலில் நிறத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள்.

நான் பெரிய மனுஷியானதும் சடங்கு வைத்தார்கள். மண்டபத்து வாசலில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ். ஸ்டுடியோக்காரர் என் முகத்தை எடுத்து, ரோஸ் நிறத்தில் வெளுக்க வைத்து, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் ஏற்றியிருந்தார். அவசரத்தில் செய்தாரோ என்னவோ, கழுத்துக்குக் கீழே கை வைக்கவே இல்லை. முகம் ஒரு நிறம், தாடைக்குக் கீழே கழுத்தும், வளையல் போட்ட இரண்டு கையும் என் சொந்த நிறம். வேறு யாருடைய தலையையோ வெட்டி ஒட்டியது போல இருந்தது. வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள், "போட்டோல லட்சணமா வந்திருக்கா" என்றார்கள். பொழுதெல்லாம் அந்த ஃபிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கழுத்தையும் சேர்த்து மாற்றியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

டிவி விளம்பரங்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, கிரீம் போட்டால் கிடைத்துவிடும். 1975-லிருந்து இந்த நாட்டில் அந்த கிரீம் விற்கிறது. 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. நான் வளர்ந்த வருஷங்களில் பழைய பெயர்தான். சினிமாவிலும் கறுத்த ஹீரோவுக்கு விசில் பறக்கும், அவருக்கு ஜோடி மட்டும் வடக்கிலிருந்து வரும். ஆனால் என்னை இவை எல்லாவற்றையும் விட அதிகமாகப் பாதித்தது பள்ளிக்கூட ஆண்டுவிழாதான். நடனத்தில் எந்த ஸ்டெப்பும் எனக்குத்தான் முதலில் வரும், மற்ற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். நிற்க வைப்பது மூன்றாவது வரிசையில். வரவேற்புக்குப் பன்னீர்ச் செம்பு பிடிப்பதற்கு என்னைக் கூப்பிட்டதே இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் த்ரோபால் டீமில் இருந்தேன், மாவட்ட அளவில் போய் வந்தோம். பத்தாம் வகுப்பில் விட்டுவிட்டேன். படிப்புக்காக என்று வீட்டில் சொன்னேன். பயிற்சி சாயங்காலம் நாலு மணி வெயிலில் நடக்கும், அதுதான் உண்மையான காரணம். மற்றது எல்லாம் போனாலும் பரவாயில்லை, அந்த விளையாட்டை விட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும்.

பதினொன்றாம் வகுப்பு லீவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு ட்யூப்பைக் காட்டினாள். "விளம்பரத்துல வர்றதெல்லாம் சும்மா. இது டாக்டர் எழுதிக் குடுக்கிறது, அதனால சைடு எஃபெக்ட் இருக்காது" என்றாள். அவளுக்கு மங்குவுக்காக, அதாவது முகத்தில் விழும் கருந்திட்டுக்காக, எந்த டாக்டரோ ஒரு தடவை எழுதிக் கொடுத்தது. அவள் ஹாஸ்டல் தோழிகள் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள். ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பெயர் எழுதிய சீட்டை நீட்டினேன். அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைவலி மாத்திரை கொடுப்பது போலக் கொடுத்தார்.

இரண்டு வாரம் இருக்கும். எனக்கே கண்ணாடியில் தெரிந்தது. பரு அமுங்கிவிட்டது, முகம் வழுவழுவென்று இருந்தது, நிறம் ஒரு படி ஏறியிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் அத்தை என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்ன தாயி, இப்படி வெளுத்துட்ட!" என்றார். பள்ளியில் டீச்சர் கேட்டார்கள், பஸ்ஸில் பார்த்த தோழியின் அம்மா கேட்டார். எங்கள் அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இந்தப் பாராட்டுதான் இதில் மோசமான பகுதி. மருந்து ஒரு பக்கம் பழக்கமாகிறது என்றால், இந்தப் பேச்சு இன்னொரு பக்கம் பழக்கமாகிவிடுகிறது. பதினாறு வருஷமாகக் கிடைக்காத ஒன்று மாதம் ஒரு ட்யூப்புக்குக் கிடைக்கிறது என்றால் எந்தப் பிள்ளை அதை நிறுத்தும்? பிற்பாடு முகம் எரிய ஆரம்பித்தபோதும் என்னால் அதை விட முடியாமல் போனதற்கு எரிச்சலை விட இதுதான் பெரிய காரணம்.

அந்த ட்யூப்பில் இருந்தது மூன்று மருந்து. ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெட்டினோயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். முதலாவது நிறமி உருவாவதைத் தடுக்கும், இரண்டாவது மேல்தோலைச் சீக்கிரம் உரிக்கும், மூன்றாவதுதான் ஸ்டீராய்டு. மங்குவுக்கு தோல் டாக்டர் கணக்காகச் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுக்கும் மருந்து இது, அதற்குரிய இடத்தில் நல்ல மருந்துதான். ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்றால், தோலில் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. சிவப்பும் வீக்கமும் அடங்கி முகம் வெளுத்தாற்போலத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், உள்ளே இருக்கும் குழாய்கள் சிவப்பு நூல் போல வெளியே தெரிய ஆரம்பிக்கும், பருவும் முடியும் கிளம்பும். ஆக, எல்லாரும் என்னிடம் மெச்சிய அந்த வெளுப்பே மருந்தின் வேலைதான். இதை நான் தெரிந்துகொள்ள மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

ட்யூப்பைத் திருப்பிப் பார்த்தால் இவ்வளவும் பொடி எழுத்தில் இருக்கும். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இதில் குளோபெட்டசால் மிக வீரியமானது, அதை முகத்துக்குப் போடவே கூடாது என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். பெயர் படிக்க வரவில்லை என்றால் ஓரத்தில் சிவப்புக் கோடும், ஷெட்யூல் எச் என்ற எச்சரிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து.

கெட்டது தெரிந்தது பன்னிரண்டாம் வகுப்பு பரீட்சை சமயத்தில். ட்யூப் தீர்ந்துவிட்டது, வாங்கப் போக நேரமில்லை. நாலைந்து நாளில் முகம் குப்பென்று சிவந்து, மிளகாய் அரைத்த கையால் தடவியது போல எரிந்தது. அலர்ஜி என்று நினைத்து அதே ட்யூப்பை வாங்கிப் போட்டேன். ஒரே ராத்திரியில் அடங்கியது. பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக ஏமாறலாம்? நிறுத்தினால் வருகிறது, போட்டால் போகிறது. அப்படியென்றால் மருந்து நல்லது, என் தோல்தான் கெட்டது என்று எந்த மனுஷனுக்கும் தோன்றும். நிறுத்தினால் உடனே முகம் எரிகிறது, மறுபடி போட்டால் அடங்குகிறது என்றால், அதுதான் தோல் அந்த மருந்துக்கு அடிமையாகிவிட்டதற்கு அடையாளம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிப் பேர் தப்பித்துவிடலாம்.

கல்லூரிக்கு மதுரை போனேன். முதல் ஆண்டிலேயே வாயைச் சுற்றிப் பருக்கள், அப்புறம் கன்னத்தில், தாடையில் பூனை முடி. பூனை முடி என்று மென்மையாகச் சொல்கிறேன், வெளிச்சத்தில் நின்றால் நன்றாகவே தெரியும். ஹாஸ்டலில் ஒருத்தி விளையாட்டாக "ஷேவிங் செட் வேணுமா" என்றாள். சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். மாதவிடாய்க் கோளாறாக இருக்கும் என்று அம்மா ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட் என்று ஆறாயிரத்துக்கு மேல் போனது. எல்லாம் சரியாக இருந்தது. முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நானாகச் சொல்லவும் இல்லை. பிள்ளையோடு டாக்டரிடம் போகிறவர்கள் ஐந்து நிமிஷமாவது வெளியே போய் உட்காருங்கள். சில விஷயம் அப்போதுதான் வரும்.

அடுத்து ஒரு ஸ்கின் கிளினிக். ஏசி, கண்ணாடிக் கதவு, வெள்ளைக் கோட்டு. ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கும் பீலிங், ஆறு சிட்டிங், மொத்தம் பதினெட்டாயிரம், முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி. அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார், எதற்கென்று கூட முழுசாகக் கேட்கவில்லை. ஏற்கெனவே மெலிந்துபோன தோலில் ஆசிட் பட்டால் என்ன ஆகும்? இரண்டாவது சிட்டிங்கில் இரண்டு கன்னமும் பொசுங்கிக் கறுப்புத் திட்டு விழுந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பேக்கேஜில் ரீஃபண்ட் கிடையாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். இங்கே பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: பார்க்கிறவர் என்ன படித்திருக்கிறார்? எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் தோல் நோயில் எம்டி, அல்லது டிடிவிஎல், டிஎன்பி முடித்தவர்தான் தோல் டாக்டர். காஸ்மெட்டாலஜி டிப்ளமோ வேறு சங்கதி. போர்டில் பெயருக்குப் பின்னால் படிப்பு இல்லாவிட்டாலே திரும்பி வந்துவிடலாம்.

கடைசியில் ஒரு சீனியர் அக்காதான் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். தோல் பிரிவில் வரிசையில் நின்று, டாக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ட்யூப்?" நான் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கன்னத்தில் ஒரு லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மாணவர்களையும் பார்க்கச் சொன்னார். ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறதாம், இந்தியத் தோல் டாக்டர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர். "இங்க வாரத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா கண்ணு?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஒரு மாதிரி ஆறுதல். எனக்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது.

நிறுத்திய பிறகு வந்த மாதங்களைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. சரியாவதற்கு முன்னால் ரொம்ப மோசமாகும். முகம் வீங்கி, நீர் கோர்த்து, செதில் செதிலாக உரிந்தது. அடுப்புப் பக்கம் போக முடியாது, தோசைக்கல்லின் சூடு பட்டாலே கன்னம் நெருப்பாகும். ராத்திரி பானைத் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேரே படுப்பேன், துணி காய்ந்ததும் முழிப்பு வந்துவிடும். சாப்பிட மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாத ஒரு களிம்பு, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான் சிகிச்சை. யாருக்கு ஒரேயடியாக நிறுத்துவது, யாருக்குப் படிப்படியாகக் குறைப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், எனக்குச் சொன்னதை நீங்கள் அப்படியே செய்யாதீர்கள். எலுமிச்சை, சோடா உப்பு, மஞ்சள், பார்லர் பிளீச் எதுவும் அந்த நேரத்தில் முகத்துக்கு ஆகாது. எனக்குப் பெரிதும் உதவியது மாதம் ஒரு முறை அதே ஜன்னல் பக்கத்தில், அதே வெளிச்சத்தில், போனில் பியூட்டி மோடை அணைத்துவிட்டு எடுத்த போட்டோ. தினமும் கண்ணாடி பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. நாலாவது மாதப் படத்தை முதல் மாதத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது. முடி தானாகக் குறைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கன்னத்தில் இரண்டு மூன்று சிவப்புக் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

உடம்பு வேதனையை விட, பழைய நிறம் திரும்பியதுதான் கஷ்டமாக இருந்தது. பழைய நிறம் கூட இல்லை, முதலில் அதைவிடக் கறுத்துத்தான் போனேன். "ஐயோ, என்ன புள்ள இப்படி ஆயிட்ட" என்று வாய்விட்டே கேட்டார்கள். அதே அத்தையும்தான். ஒரு செமஸ்டரில் பாதி வகுப்புக்குப் போகவில்லை, இரண்டு அரியர் விழுந்தது. துப்பட்டாவை வண்டி ஓட்டும் பெண்கள் போல முகத்தில் சுற்றிக்கொண்டுதான் வெளியே போவேன், கோயிலுக்குள் கூட அவிழ்க்க மாட்டேன். செத்துவிடலாமா என்று சில ராத்திரி நினைத்ததுண்டு. அப்படி யாருக்காவது தோன்றினால், இப்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. என் காலத்தில் அது கிடையாது. அம்மாவிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன்னைப் பெண் பார்க்க வந்தபோது பாட்டி பவுடரை அப்பிவிட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு இரண்டு பேருமே தூங்கவில்லை.

மொத்தச் செலவு என்று பார்த்தால் ட்யூப், டெஸ்ட், கிளினிக், அங்கே இங்கே வாங்கிய சீரம் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் பக்கம் வரும். எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. என்னைக் குணப்படுத்தியது அரசு ஆஸ்பத்திரி, அதற்கு பஸ் காசும் சன்ஸ்கிரீன் காசும்தான்.

2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச்சில் சேர்த்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் சும்மா பார்ப்போமே என்று தம்பியை அனுப்பினேன். வாங்கிக்கொண்டுதான் வந்தான். சட்டம் கடை வாசலில் நின்றுவிடுகிறது. பெயர் போடாத வெள்ளை டப்பாவில் 'நைட் கிரீம்' என்று பார்லரிலும் ஆன்லைனிலும் விற்பது இதைவிட ஆபத்து. சிலவற்றில் பாதரசம் இருக்கும். 2023-ல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்கள் இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம்களைப் போட்டவர்கள் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் வந்தது ஒரு பதினான்கு வயதுப் பெண். தயாரித்தவர் முகவரியும், உள்ளே இருப்பதன் பட்டியலும், உற்பத்தித் தேதியும் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்று உண்டு. பதிமூன்று, பதினாலு வயதுப் பிள்ளை, ஆணோ பெண்ணோ, சில வாரத்தில் திடீரென்று வெளுத்தால் சந்தோஷப்படும் முன் என்ன போடுகிறாய் என்று கேளுங்கள். அதட்டிக் கேட்டால் ட்யூப் தலையணை உறைக்குள் போய்விடும், எனக்கு அங்கேதான் இருந்தது. வெயிலுக்குப் பயந்து விளையாட்டை விடுவது, குடும்பப் போட்டோவில் நிற்க மறுப்பது, ஃபில்டர் போடாமல் ஒரு படம் கூட அனுப்பாமல் இருப்பது, இதெல்லாம் கிரீமுக்கு முன்னாலேயே வரும். உறவுக்காரர்கள் வாயை மூட முடியாது, தெரியும். ஆனால் பிள்ளை காதில் படும்படி "அவ அவங்க அப்பா கலர், அழகா இருக்கா" என்று நீங்கள் பதிலுக்குச் சொல்லலாம். எனக்கு ஒருத்தராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன்.

ஏற்கெனவே ட்யூப்பில் மாட்டியவர்கள் பக்கத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போங்கள். போட்ட ட்யூப்புகளை, காலி ட்யூப் இருந்தால் அதையும், பழைய சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அவர்கள் தோலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்தின் பக்க விளைவைப் புகாராகப் பதிய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, பகல் நேரத்தில் கூப்பிடுங்கள். அப்புறம், ஓபிக்கு திங்கட்கிழமை போகாதீர்கள். கூட்டம் தாங்காது.